ஒண்ணே கால் மில்லி

ரேணிகுண்டாவில் ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே, மூடிக் கிடந்த அரிசி மில் ஒன்றில் நாகபூஷணம் கிதார் பட்டறை தொடங்கியது தொண்ணூற்றாறாம் வருடம். அதற்கு முன் பத்து வருடம் ஐரோப்பாவில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் இருந்தவர் அவர். இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு கிளம்பியதும் ஊர் திரும்பிவிட்டார். வரும்போது ஒரு பெட்டி நிறைய உளிகளும், சுருட்டி வைத்த ஒரு வரைபடமும் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஸ்பெயின் நாட்டில் செய்த ஒரு கிதாரின் வரைபடம் அது. இப்போது கடையில் கிடைக்கும் கிதாரைவிட உடம்பு சிறியது, தூக்கினால் காலிப் பெட்டியைத் தூக்குவதுபோல லேசாக இருக்கும். மேல்பலகைக்கு அடியில், வெளியே தெரியாமல், விசிறி விரித்ததுபோல ஏழு மெல்லிய சட்டங்கள். கம்பிகள் இழுக்கிற இழுப்பில் பலகை குழிந்துவிடாமல் தாங்குவது அந்த ஏழும்தான்.

எத்திராஜ் முதல் மாதமே வேலைக்குச் சேர்ந்தான். புத்தூரில் கட்டிலும் கதவும் செய்துகொண்டிருந்த தச்சன். இடது கைக்காரன், ஒல்லியான நீளமான விரல்கள். ஒரு வருடம் கழித்து மெருகு போட பெண்கள் வேண்டும் என்று நாகபூஷணம் சொன்னபோது, தன் மனைவி தரணியை அவன்தான் அழைத்துவந்தான்.

தரணி நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். பதினாறு வயதுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். பட்டறையில் சென்னம்மாவோடு உட்கார்ந்து, துணிப்பொட்டலத்தால் அரக்கைத் தொட்டுத் தொட்டு மரத்தில் தேய்ப்பது அவள் வேலை. நான்கு மாதம் அப்படியே போனது. ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, பலகையை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சார், இதுக்கு இந்தப் பக்கம் மூக்கடைச்ச மாரி கீது" என்றாள். நாகபூஷணம் சிரித்தார். பிறகு சிறிய கண்ணாடியை மேல்பலகை நடுவிலுள்ள வட்ட ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். அவள் தட்டிய இடத்தில் ஒரு சட்டம் பசை விட்டுப் பிரிந்திருந்தது.

அடுத்த வாரமே அவளை மெருகு அறையிலிருந்து எடுத்து மேல்பலகை மேசைக்கு மாற்றினார். உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது எத்திராஜ். மாலையில் வீட்டில் விறகுத் துண்டை வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். அவளுக்கு அது கல்யாணமான புதிதைப்போல இருந்தது. ஒரு வருடத்துக்குள் பட்டறையில் யார் செய்த பலகையானாலும் கடைசியில் அவள் மேசைக்கு வந்து, அவள் தட்டிக் கேட்டு, இன்னும் இழைக்க வேண்டுமா போதுமா என்று சொன்ன பிறகுதான் பெட்டியில் ஒட்டினார்கள். எத்திராஜ் செய்த பலகைகளும் வந்தன. முதல்முறை அவன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தான். பிறகு கழுத்து செய்யும் நாராயணசாமியிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தான். நாராயணசாமி சென்னம்மாவின் புருஷன்.

தொண்ணூற்றொன்பதில் மார்த்தா என்ற ஸ்பெயின்காரி வந்தாள். கிரனாடா ஊரில் கிதார் கடையும் சிறு பட்டறையும் வைத்திருப்பவள். வருடத்துக்கு இருபது கிதார் அவளுக்குத்தான் இங்கிருந்து போகும். தன் பட்டறைக்கு ஓர் ஆள் வேண்டும், இரண்டு வருடத்துக்கு அழைத்துப்போகிறேன் என்றாள்.

"ரெண்டு பேரு கீறீங்க," என்றார் நாகபூஷணம், தெலுங்கு வாசனையோடு. "எத்திராஜு ஒண்ணு செய். தரணி ஒண்ணு செய். தலைலேருந்து காலு வரைக்கும் ஒருத்தர் கைதான், வேற எவரு தொடக்கூடாது. உள்ள உங்க பேரு போட்டு சீட்டு ஒட்டலாம். மூணு மாசம் டைம். அந்தம்மா திரும்பி வந்து கேட்டுட்டு செப்புவாங்க."

தன் பெயர் அச்சான சீட்டை ஒட்டுவதற்கு முன் தரணி அதை ஒரு நாள் முழுக்க ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள்.

கிதார் முடிந்து, மெருகும் போட்டு, கம்பி கட்டுவது மட்டும் பாக்கி என்ற நிலையில் ஊரிலிருந்து ஆள் வந்தது. அவள் அப்பன் பாலையாவுக்குச் சித்தூரில் கண் ஆபரேஷன். மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் பலகையைத் தட்டிப் பார்த்தாள். விட்டுப்போனதைவிடக் கொஞ்சம் இளகிக் கேட்டது. மெருகு இறுகியதால் இருக்கும் என்று நினைத்துக் கம்பி கட்டினாள்.

திருப்பதியில் ஓட்டல் அறை ஒன்றில் மார்த்தா இரண்டையும் வாசித்தாள். முதலில் எத்திராஜ் செய்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மார்த்தா தலையாட்டிவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு தரணியுடையதை எடுத்து ஒரு கம்பியை மட்டும் சுண்டினாள். அறையில் யாரோ வாய் திறந்து பேச ஆரம்பித்ததுபோல இருந்தது. மார்த்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. தான் செய்ததில் இவ்வளவு இருக்கும் என்று தரணிக்கே தெரியாது. திரும்பி எத்திராஜைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. பிறகு எல்லோருக்கும் முன்னால் முதலில் கை தட்டியவன் அவன்தான்.

அடுத்த நான்கு மாதம் அவளுக்கு நல்ல காலம். பாஸ்போர்ட்டுக்கு எத்திராஜ்தான் கூடவே ஹைதராபாத் வந்தான். ஸ்வெட்டர் வாங்கித் தந்தான். அம்மா செங்கம்மா ஊரில் வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஐந்து வயது மகள் தேன்மொழி, அம்மா போகப்போகிற விமானத்தைச் சுவரில் கரியால் வரைந்தாள். "நான் இல்லாம ரெண்டு வருஷம் சமாளிப்பியா?" என்று தரணி கேட்டபோது, "போய் வாமே, பார்த்துக்கலாம்" என்றான் எத்திராஜ். இப்படிப்பட்ட புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று சென்னம்மா சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

நவம்பரில் மார்த்தாவிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. தரணியின் கிதாரை மார்த்தா பேர்பெற்ற ஒரு வித்வானுக்கு விற்றிருந்தாள். கச்சேரி நடுவில் மேல்பலகை உள்ளே குழிந்து, கம்பி கட்டிய கட்டை பிய்த்துக்கொண்டு எகிறியது. அவருடைய வலது கை நகம் சதையோடு கிழிந்தது. அந்த நகத்தை வைத்துத்தான் அவர் வாசிக்க முடியும். வழக்கு போடுவேன் என்கிறார். அந்தப் பெண்ணை அனுப்ப வேண்டாம். கிதார் திரும்பி வருகிறது.

வந்தது. நாகபூஷணம் அதை நடுக்கூடத்து மேசையில் வைத்து, பதின்மூன்று பேரையும் சுற்றி நிற்கச் சொன்னார். மெல்லிய ரம்பத்தைத் தரணி கையில் கொடுத்தார்.

"நீயே அறு."

"சார், நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போய்..."

"இங்கயே அறு. எல்லாரும் பார்க்கட்டும். உள்ள இன்னா தப்பு பண்ணன்னு நீயே காட்டு."

பலகையின் ஓரமாக அவள் அறுத்தாள். மெருகு போட்டு மூன்று வாரம் தேய்த்த மரம், ரம்பத்தின் அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாதி அறுத்தபோது அவளுக்குக் கை வரவில்லை. "ம்" என்றார் நாகபூஷணம். மீதியையும் அறுத்து, பலகையைத் தூக்கித் திருப்பினாள்.

ஏழு சட்டங்களையும் அவள் கூரைபோல இரண்டு பக்கமும் சரித்து, கூர்மையாகச் செதுக்கியிருந்தாள். இப்போது அவற்றில் ஐந்து பாதி உயரம்கூட இல்லை. ஓட்டை வழியாகக் கையை விட்டு, கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். சுரண்டிய கோடுகள் எல்லாம் வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தன. வலது கைக்காரனுக்கு அப்படி வராது. அந்தச் சின்ன ஓட்டைக்குள் முழங்கைவரை விடக்கூடிய ஒல்லிக் கையும் பட்டறையில் ஒன்றுதான் உண்டு.

நாராயணசாமி குனிந்து பலகையைப் பார்த்தான். நிமிர்ந்து எத்திராஜைப் பார்த்தான். பிறகு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். எத்திராஜ் சுவரோரம் நின்றான், மேசைக்குக் கிட்டவே வரவில்லை.

"இது எவரு செஞ்ச வேலை?" என்றார் நாகபூஷணம்.

வாய்வரை வந்தது. வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு சம்பளத்தில், ஒன்றாவது மிஞ்சட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அதைவிடப் பெரியதாக இருந்தது வெட்கம். கட்டியவனே தன்னை அறுத்துவிட்டான் என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவனே சொல்லட்டும் என்று கொஞ்சம் நின்றாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கைதான் சார்," என்றாள். "பலகைய ஒட்டறதுக்கு முன்னாடி, சத்தம் வரணும்னு ரொம்ப சுரண்டிட்டேன்."

"பேராசை," என்றார் அவர். பலகையை எடுத்துப் பசை காய்ச்சும் அடுப்பில் செருகினார். மறுநாளிலிருந்து அவளுக்கு மறுபடியும் மெருகு அறை.

அன்று சாயங்காலம் தேன்மொழி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். தரணி கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"எப்ப செஞ்ச?"

அவன் மறுக்கவில்லை. "நீ உங்க நைனா கண்ணு ஆபரேஷனுக்குப் போயிருந்த. மத்தியானம், எல்லாரும் துன்னப் போயிருந்தாங்க."

"இன்னாத்துக்குய்யா?"

"சட்டத்த சுரண்டுனா சத்தம் செத்துடும்னு நெனச்சேன். அவ முன்னால உன் கிட்டாரு பல்ல இளிக்கணும்னு நெனச்சேன்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "இன்னும் நல்லா ஆயிடுச்சி. நான் அங்க உக்காந்துகினு அத கேட்டேன் பாரு. அது எப்டி இருந்துச்சின்னு உனக்குத் தெரியாது."

"அப்பவே சொல்லியிருக்கலாம். கண்டிப்பா குழியும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாலு மாசம். பாஸ்போர்ட்டுக்கு வந்த. ஸ்வெட்டர் வாங்கின."

அவள் காத்திருந்தாள். தப்பு என்று ஒரு வார்த்தை, ஒரு தலைகுனிவு, ஏதாவது. அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"சோறு போடு," என்றான்.

போட்டாள். அவன் இரண்டாம் முறை கேட்டபோதும் போட்டாள்.

மார்த்தாவுக்கு ஆள் இன்னும் வேண்டித்தான் இருந்தது. பிப்ரவரியில் நாகபூஷணம் எத்திராஜைக் கூப்பிட்டு, நீ போகிறாயா என்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் வீட்டுக்கு வந்தான். பட்டறையில் மாலை போட்டார்கள். தரணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அரக்கு காய்ந்துவிடும் என்று மெருகு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு வாங்கிய ஸ்வெட்டர் அவனுக்குப் பற்றாது. அதை விற்றுவிட்டு வேறு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் எதிரே ரங்கையாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் செய்வான். குளிர், சாப்பாடு, பாஷை புரியவில்லை என்பதைப் பேசுவான், மகளோடு பேசுவான். பணம் அனுப்பினான். அவள் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. அவன், அது முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டான். எல்லோர் முன்னாலும் தன்னைக் காப்பாற்றியவள், இனி எதற்கும் காப்பாற்றுவாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு அவன் குரல் தளர்ந்திருந்தது.

"இந்தம்மா தினம் கொல்லுது. அந்த ஒரு கிட்டாரு மாரி செய், ஆனா குழியாம செய்னு சொல்லிக்கினே இருக்குது. எது செஞ்சாலும் தட்டிப் பார்த்துட்டு மூஞ்ச திருப்பிக்கிது. டிசம்பர் வரைக்கும் டைம், அப்புறம் ஊருக்குப் போன்னுட்டா."

"நான் இன்னா பண்ணணும்?"

"பலகைய நீ எவ்ளோ மெல்லிசா இழைச்ச? அத சொல்லு. சட்டம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். பலகைதான் தெரியாது."

உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறவன்போலத்தான் கேட்டான். சட்டம் எவ்வளவு என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்பது அவன் நினைப்பிலேயே இல்லை. பக்கத்துக் கண்ணாடிக் கூண்டின் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இழைத்தது நடுவில் இரண்டரை மில்லிமீட்டர், ஓரத்தில் இரண்டு.

"நடுவுல ஒண்ணே முக்கா," என்றாள். "ஓரத்துல ஒண்ணே கால்."

"அவ்ளோ மெல்லிசா? தாங்குமா?"

"சட்டத்த நீ முழுசா வெச்சா தாங்கும். நீதான் அன்னிக்கு சத்தத்த கேட்டியே."

பூத்தைவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வாரம் சரியான அளவைச் சொல்லிவிடலாம், ஞாபகம் தப்பிவிட்டது என்று சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அடுத்த ஞாயிறு, பலகைகளை அறுத்துவிட்டேன் என்றான். அவள் தேன்மொழியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். அதற்கடுத்த ஞாயிறு, இழைத்தாகிவிட்டது, தட்டினால் எப்படிக் கேட்கிறது தெரியுமா என்றான். சரி என்றாள். நான்காவது ஞாயிறு, மேல்பலகைகளைப் பெட்டியில் ஒட்டிவிட்டேன் என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "நீ இல்லாங்காட்டி நான் செத்திருப்பேன் தரணி" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வருடக்கணக்காகியிருந்தது. அவள் காதில் போனை வைத்தபடியே, அவன் இன்னும் ஏதாவது சொல்வானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மகளிடம் கொடு என்றான். கொடுத்தாள்.

எத்திராஜ் ஆறு கிதார் செய்தான். ஆறும் அந்தக் குரலிலேயே பேசின. மார்த்தா ஆறையும் நல்ல ஆட்களுக்கு விற்றாள், ரேணிகுண்டாவுக்கும் நாற்பது கிதார் ஆர்டர் கொடுத்தாள். நாகபூஷணம் லட்டு வரவழைத்தார். மெருகு அறைக்கு அவரே எடுத்துவந்து தரணி கையில் ஒன்று வைத்து, "பார்த்தியா, உன் புருஷன் பொறுமையா செஞ்சான்" என்றார்.

கிரனாடாவில் கோடை காய்ச்சி எடுக்கும். அடுத்த ஜூலையில் முதல் கிதார் குழிந்தது. ஆகஸ்டுக்குள் மற்ற ஐந்தும். ஒன்று, வாசிக்காமல் சுவரில் மாட்டியிருந்தபோதே பிளந்தது. வாங்கிய ஆறு பேரும் மார்த்தாவின் கடை வாசலில் வந்து நின்றார்கள். மார்த்தா எத்திராஜின் உளிப்பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ரேணிகுண்டாவின் நாற்பதையும் வேண்டாம் என்று எழுதினாள். இந்த ஊர்க் கிதாரை வாங்காதீர்கள் என்று தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் எழுதினாள்.

செப்டம்பரில் ஒரு முறை பூத்துக்குப் போன் வந்தது.

"நீ சொன்ன அளவுதான் வெச்சேன்," என்றான்.

"தெரியும்."

"ஞாபகம் தப்பி சொன்னியா?"

தப்பிக்கத் தனக்கு அவன் ஒரு வழி விடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல. தெரிஞ்சிதான் சொன்னேன்."

"பொண்ணு எப்டி கீறா?" என்றான்.

"நல்லா கீறா."

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பணமும் வரவில்லை. எங்கோ ஓட்டலில் தட்டு கழுவுகிறான், விசா முடிந்துபோய், டிக்கெட்டுக்குக் காசும் இல்லாததால் கிளம்பி வரவும் முடியாது என்று புத்தூர்க்காரர் ஒருவர் சொன்னார். தேன்மொழி மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூத்து வாசலில் போய் நின்றாள். நிற்காதே என்று தரணி சொல்லவில்லை.

பட்டறையும் போகும் என்று மட்டும் அவள் கணக்குப் போட்டிருக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் ஆறு மாதம் தள்ளாடி, இரண்டாயிரத்து இரண்டில் மூடிக்கொண்டது. நாகபூஷணம் மில்லை விற்றுவிட்டு மகனிடம் போனார். நாராயணசாமி திருப்பூருக்கு வேலை தேடிப் போனான். இரண்டு தீபாவளிக்கு வந்தான். மூன்றாவதற்கு வரவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சென்னம்மாவுக்குச் செய்தி வந்தது.

ஏழெட்டு வருடம் தரணியும் சென்னம்மாவும் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்கள். சத்தியவேடு பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் திறந்தபோது, ஒன்றில் ஒயர் பொருத்தும் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தலைக்குத் தொப்பி, விடிந்ததும் கம்பெனி பஸ். தரணி யாருக்கும் முன்னால் தன் மேசை வேலையை முடித்துவிடுவாள். சூப்பர்வைசர் கெட்டிக்காரி என்பார்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சென்னம்மா டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் திருப்பூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. நாராயணசாமி செத்து இருபது நாள். எரித்தும் ஆகிவிட்டது.

"மொகத்தகூட பாக்கல," என்றாள். "அந்தப் பட்டற இருந்திருந்தா அவரு இன்னாத்துக்கு அங்க போறாரு. உன் வூட்டுக்காரன் அந்த ஆறு கிட்டார ஒழுங்கா செஞ்சிருந்தா நாம அத்தினி பேரும் இன்னம் அங்கியே இருந்திருப்போம்."

"ஆமா," என்றாள் தரணி.

"அவன் நல்லா இருக்கமாட்டான்."

"ஆமாக்கா."

சென்னம்மா மூக்கைச் சிந்தினாள். எதிரில் இருந்த தரணியின் தோளைத் தொட்டாள். "உன்ன இன்னா சொல்றது. உன்னியும்தான் அழிச்சிட்டுப் போனான், பாவி." தன் டப்பாவைத் திறந்து, சோற்றில் பாதியைத் தரணியின் மூடியில் தள்ளினாள். "எனக்கு எறங்காது. நீ துன்னு."

மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தரணி அதைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.